வறள்நிலமும் வழிகாட்டியும்

2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பாரிஸ் நகரில் கூடிய யுனெஸ்கோவின் உலக மரபுக் குழு, மராத்தியர் வரலாற்றோடு தொடர்புடைய 12 கோட்டைகளை ஒரே தொகுதியாக உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் 11 மகாராட்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சிக் கோட்டை. அத்தொகுதிக்கு இடப்பட்ட பெயரை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ‘மராத்தியர் இராணுவ நிலத்தோற்றங்கள்’ என்பது அப்பெயர். மதிலும் மண்டபமும் எழுந்து நிற்கும் மலை, அம்மலையின் மண், காடு, நீர் ஆகிய அனைத்தும் சேர்ந்தே மரபு என்பது அதன் உட்பொருள்.

பெயர் வந்துவிட்டது, இனி ஆட்களும் மிகுதியாக வருவர். வருகிறவர்க்கு யார் எதைச் சொல்லப் போகிறார்கள்? இக்கேள்வியைச் சுற்றுலாத் துறைக்கு உரியது என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. ஒரு நிலத்தின் முன் நின்று, அதனை அறியாத ஒருவருக்கு அதனைச் சொல்லிக் காட்டுவது ஓர் இலக்கிய வினையே ஆகும். அதற்கு ஓர் அமைப்பு உண்டு. எதைச் சொல்வது என்ற தெரிவு உண்டு. எதை விடுவது என்ற மௌனமும் உண்டு. ஆகவே அதற்குத் திறனாய்வும் உண்டு. கதையையும் கவிதையையும் நிறுத்துப் பார்க்கப் பழகிய நாம், வழிகாட்டியின் உரையை அவ்வாறு நிறுத்துப் பார்த்தது அரிது. இக்கட்டுரையில் அதற்கு முயல்கிறோம்.

உலகில் இன்று வழிகாட்டியோடு செல்லும் வறள்நிலப் பயணங்களுள் பெயர்பெற்றவை, ஆப்பிரிக்காவின் தெற்கே நமீபு, கலஹாரி என்னும் பாலைநிலங்களின் ஊடாகச் செல்பவை. விலங்கையும் நிலத்தோற்றத்தையும் ஒருசேரக் காட்டும் அப்பயணங்கள், வறண்ட நிலத்தைச் சொல்லிக் காட்டும் கலையில் மிகவும் வளர்ந்தவை. அவற்றின் நிறைகுறைகளைக் கண்டறிந்தால் நம் செஞ்சிக்கு வேண்டிய பாடம் கிடைக்கும். ஆனால் அளப்பதற்கு முன் அளவுகோல் ஒன்று வேண்டும். அதனை வெளியே தேடவேண்டியதில்லை. நம்மிடமே இருக்கிறது.

ஆற்றுப்படை என்னும் அளவுகோல்

வழிகாட்டும் உரையையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த மொழி தமிழ். பரிசில் பெற்று மீள்கின்ற ஒரு கலைஞன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனை வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டின் பத்துப் பாட்டுகளுள் ஐந்து ஆற்றுப்படைகளாகவே இருப்பதை நாம் அறிவோம். அவற்றுள் கடைசியான மலைபடுகடாம் நம் பகுதிக்கு மிக அருகிலுள்ள நிலத்தைப் பாடுவது. பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள் கொண்ட இப்பாட்டின் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன். செங்கண்மா என்பது இன்றைய செங்கம். அவனுடைய நவிரமலையை இன்றைய பருவதமலை என்று அறிஞர் கூறுவர். செஞ்சியையும் மேல்மலையனூரையும் கடந்து மேற்கே திருவண்ணாமலைப் பக்கம் செல்லும் எவருக்கும் பழக்கமான பாறைநாடு அது.

இப்பாட்டை ஒரு வழிகாட்டியின் உரையாகவே படித்துப் பார்க்க வேண்டும். இதில் நான்கு பண்புகளைக் காண்கிறோம்.

முதலாவது, ஆபத்தை மறைக்காமை. பன்றிக்குக் கற்பொறி வைத்திருக்கும் பாதையை விடிந்த பின்னரே கடக்கச் சொல்கிறது. பாம்பு ஒடுங்கியிருக்கும் இடம், பாசி படிந்து வழுக்கும் பாறை, தினைப்புனத்தில் யானையை விரட்டக் கானவர் கவணால் எறியும் கல் ஆகிய ஒவ்வொன்றையும் சொல்லி, அவ்விடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்கிறது. கல் வரும் வேளையில் பெருமரத்தின் பின்னே மறைந்து நில்லுங்கள் என்பது போன்ற நுணுக்கம் நேரில் நடந்த ஒருவருக்கே வாய்க்கும்.

இரண்டாவது, கண்ணுக்கு மட்டுமின்றிக் காதுக்கும் நிலத்தைக் காட்டுதல். மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் உருவகித்ததால் வந்த பெயரே மலைபடுகடாம். அருவி, விலங்கு, தேன் எடுப்போர், தினை குற்றும் பெண்கள், காயமுற்ற கணவனுக்காகப் பாடும் மனைவி என்று அவ்வோசைகளின் நிரல் நீள்கிறது. விலங்கின் ஒலியும் மனிதரின் ஒலியும் ஒரே நிரலில் வருகின்றன. வனவிலங்கு வேறு, அங்கு வாழும் மக்கள் வேறு என்று பிரித்துக் காட்டும் இன்றைய வழக்கம் அப்புலவருக்கு இல்லை.

மூன்றாவது, நிலத்துக்கு உரியவர்களை முன்னிறுத்துதல். எந்த ஊரில் யார் இருப்பர், அவர்கள் என்ன உணவு தருவர், அவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் சொல்லப்படுகின்றன. வழி தப்பிவிட்டால் அஞ்ச வேண்டாம், மலையைக் காக்கும் கானவர் வந்து உதவுவர் என்ற உறுதியும் தரப்படுகிறது. வழிகாட்டி தன்னைப் பேரறிஞனாகக் காட்டிக்கொள்ளவில்லை. தனக்கும் மேலாக வழியறிந்தவர் அந்நிலத்தில் உள்ளனர் என்று ஒப்புக்கொள்கிறான்.

நான்காவது பண்பே நம்மை மிகவும் ஈர்க்கிறது. வழி பிரிந்து செல்லும் இடங்களில், பின்னே வருவோர் மயங்காதிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்று அறிவுறுத்தப்படுகிறது. தனக்கு முன்னே சென்றவரிடம் கடன்பட்டவன் தனக்குப் பின்னே வருபவருக்கு அக்கடனைத் தீர்க்கிறான்.

கடந்து செல்வோரின் பாலை

அளவுகோல் கிடைத்துவிட்டது என்று மகிழும்போதே நம் மரபின் மற்றொரு பக்கத்தையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் நமீபைப் போன்ற பாலைவனம் இல்லை. தென்கோடியில் செம்மணல் தேரிகள் உண்டு. அவையும் மழையற்ற நிலமல்ல. ஆயினும் அகநானூற்றின் 400 பாடல்களுள் சரிபாதியாகிய 200 பாடல்கள் பாலைத்திணைக்கு உரியவை. ஒற்றைப்படை எண் கொண்ட பாடல்கள் எல்லாம் பாலையே. ஒரு புலவரின் பெயரே ‘பாலை பாடிய பெருங்கடுங்கோ’ என்று வழங்குகிறது. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு கெட்டுப் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்ற சிலப்பதிகாரக் கருத்தை அறியாத தமிழ் மாணவர் இலர். பாலை ஒரு நிலைமை. மழை வந்தால் நீங்குவது. இது மிக ஆழ்ந்த சூழலறிவு என்பதில் ஐயமில்லை.

ஆனால் அப்பாடல்களில் பேசுவோர் யார் என்று கேட்டுப் பார்ப்போம். பொருள் தேடிச் செல்லும் தலைவன் பேசுகிறான். வீட்டில் வருந்தும் தலைவி பேசுகிறாள். உடன்போன மகளை எண்ணித் தாய் பேசுகிறாள். வழியில் கண்டோர் பேசுகின்றனர். அந்நிலத்திலேயே பிறந்து, அங்கேயே உண்டு உறங்கும் எயினரின் குரல் அகப்பாடல்களில் அரிதினும் அரிது. அவர்கள் பெரும்பாலும் வழிப்பறி செய்வோராகவே எட்ட நின்று தோன்றுவர். பசித்த பிடிக்காக மரப்பட்டையை உரித்துத் தரும் களிற்றை அவ்வளவு பரிவோடு கண்ட கண்கள், பக்கத்தில் நின்ற மனிதரை அவ்வாறு காணவில்லை. பாலை நம் கவிதையில் பெரும்பாலும் கடந்து செல்வோரின் நிலமாகவே இருந்திருக்கிறது. இதற்கு விலக்கு, மீண்டும் ஓர் ஆற்றுப்படைதான். எயினப் பெண்கள் வறண்ட மண்ணைக் கிளறிப் புல்லரிசி சேர்த்து, அதனை நிலவுரலில் குற்றிச் சமைப்பதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. வழிகாட்டுவோன் ஆங்காங்கே நின்று உண்டவன் ஆதலால் அடுப்பையும் உரலையும் கண்டிருக்கிறான்.

திருவிவிலிய வாசகருக்கு இங்கே ஆகாரின் நினைவு வரலாம். எல்லோருக்கும் பாழ்நிலமாகத் தோன்றிய இடத்தில், துரத்தப்பட்ட ஓர் அடிமைப் பெண்ணின் கண்களுக்குத்தான் கிணறு தென்பட்டது. வறள்நிலத்தில் நீர் இருக்கும் இடத்தை அங்கே விடப்பட்டவர்களே அறிவர்.

நமீபில் சொல்லப்படுவதும் சொல்லப்படாததும்

இனி ஆப்பிரிக்கப் பயணங்களுக்கு வருவோம். அவற்றின் நிறைகளை முதலில் மனமாரச் சொல்ல வேண்டும். சிறந்த நமீபு வழிகாட்டி, பயணிகளைச் சிங்கத்தின் முன் நிறுத்துவதோடு அமைவதில்லை. மணற்குன்றின் உச்சியில் தலைகீழாக நிற்கும் ஒரு கறுப்பு வண்டின் அருகே அவர்களை மண்டியிடச் செய்கிறார். அட்லாண்டிக் கடலின் குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்திலிருந்து எழும் மூடுபனி, அவ்வண்டின் முதுகில் துளித்து வாய்க்கு வழிகிறது. ஆண்டு முழுவதும் 20 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத கடலோரத்தில் அதுவே அதன் நீர். இரண்டே இலைகளோடு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய வெல்விட்ஷியாச் செடியையும், பல நூற்றாண்டுகளுக்கு முன் பட்டுப்போய், மட்கக்கூட ஈரம் இல்லாமல் கருகி நிற்கும் டெட்விலெய் மரங்களையும் அவர் காட்டுகிறார். வறண்ட ஆற்றுமணலைக் காலால் தோண்டி ஊற்று எடுக்கும் யானைகளையும் காட்டுகிறார். ஒன்றுமில்லை என்று தோன்றிய இடம் கேட்போர் கண்முன்னே நிரம்பி வழிகிறது. இது நல்ல உரை. சிறியதைக் காட்டிப் பெரியதை உணர்த்துகிறது.

குறை எங்கே? பூச்சிக்கும் செடிக்கும் கிடைத்த இந்நுணுக்கம் மனிதரின் வரலாற்றிடம் வரும்போது மங்கிவிடுகிறது. பயண விளம்பரங்களில் அடிக்கடி வரும் ஒரு சொல், ‘மனிதக் கால்படாத’ என்பது. அழகான சொல், ஆனால் பொய்யான சொல்.

1904-இல் செருமானியக் குடியேற்ற ஆட்சியை எதிர்த்த ஹெரேரோ மக்கள் வாட்டர்பெர்க் போருக்குப் பின் ஓமஹெக்கே என்னும் வறள்நிலத்துக்குள் விரட்டப்பட்டனர். நீர்நிலைகளை நெருங்க விடாமல் படைகள் தடுத்தன. பல்லாயிரவர் தாகத்தால் மாண்டனர். நாமா மக்களும் அடுத்து அழிவுக்குள்ளாயினர். 1904 முதல் 1908 வரை நடந்த இக்கொடுமையை இனப்படுகொலை என்று செருமனி 2021-இல் ஒப்புக்கொண்டது. அங்கே பாலைநிலமே கொலைக்கருவியாயிற்று.

விலங்குகளைக் காணப் பயணிகள் திரளும் எத்தோஷா 1907-இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அங்கு நெடுங்காலம் வாழ்ந்த ஹாய்-ஓம் மக்கள் 1954-இல் வெளியேற்றப்பட்டனர். அண்டை நாடான போட்ஸ்வானாவில், சான் மக்கள் தம் வாழ்வைத் தொடரவும் வகைசெய்து 1961-இல் அமைக்கப்பட்ட மத்திய கலஹாரிக் காப்பகத்திலிருந்தே 1997-லும் 2002-லும் அவர்கள் அகற்றப்பட்டனர். அவ்வெளியேற்றம் சட்டத்துக்குப் புறம்பானது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கால்படாத நிலம் என்று நாம் வியப்பது, சில இடங்களில் கால்கள் அகற்றப்பட்ட நிலம்.

மற்றொரு செய்தி சிறியது. ஆயினும் மறக்க இயலாதது. 1908-இல் லூடரிட்ஸ் அருகே இருப்புப்பாதையில் மணல் அள்ளிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லெவாலா என்னும் தொழிலாளர் மணலில் ஒரு கல்லைக் கண்டார். முன்பு கிம்பர்லிச் சுரங்கத்தில் வேலை செய்தவர் ஆகையால் அது வைரம் என்று அறிந்தார். மேற்பார்வையாளரிடம் கொடுத்தார். செல்வமும் புகழும் மேற்பார்வையாளருக்குச் சென்றன. மணல் மூடிய கோல்மான்ஸ்காப் நகரின் பாழ்மனைகளைப் படம் எடுக்க வருவோருள் லெவாலாவின் பெயரை அறிந்து திரும்புவோர் எத்தனை பேர்? நிலத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர். அதனால் பெயர் பெற்றவர் வேறொருவர்.

இக்குறைக்கு மருந்தும் அந்நாட்டிலேயே முளைத்தது என்பதைச் சொல்லாவிடில் நம் மதிப்பீடு ஒருதலையாகும். 1980-களின் தொடக்கத்தில் நமீபியாவின் வடமேற்கில் கார்த் ஓவன்-ஸ்மித் என்னும் இயற்கைக் காப்பாளர், ஊர்த்தலைவர்களோடு சேர்ந்து, அவ்வூர் ஆட்களையே விலங்குக் காவலராக அமர்த்தும் முறையைத் தொடங்கினார். அவர்களுள் முன்னாள் வேட்டைக்காரரும் உண்டு. நாடு 1990-இல் விடுதலை பெற்றது. 1996-இல் இயற்றப்பட்ட சட்டம், பொதுநிலங்களில் வாழும் மக்களே காப்பகங்களை அமைத்து, விலங்குகளாலும் சுற்றுலாவாலும் வரும் பயனைத் தாமே பெற வழிசெய்தது. இன்று அத்தகைய காப்பகங்கள் 80-க்கும் மேற்பட்டவை. யானை நீர்த்தொட்டியை உடைப்பதும், சிங்கம் ஆட்டைக் கொல்வதும், வருவாயைப் பங்கிடுவதில் பூசல் எழுவதும் அங்கு உண்டு. எனினும் அத்தகைய இடங்களில் வழிகாட்டியின் உரை மாறிவிடுகிறது. தன் பாட்டனார் தோண்டிய கிணற்றின் அருகில் நின்று பேசுகிறவர், அந்நிலம் வெறுமையானது என்று சொல்ல மாட்டார்.

தடம் வாசிப்போர்

திறனாய்வாளர் எவரும் அறிந்திருக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று 2013-இல் நடந்தது. நமீபியாவின் ஜுஹோவான்சி மக்களுள் தடம் பார்ப்பதில் தேர்ந்த மூவரைச் செருமானிய ஆய்வாளர்கள் பிரான்சு நாட்டுக்கு அழைத்துச் சென்றனர். பனியூழிக் காலத்து மனிதரின் காலடிகள் களிமண்ணில் பதிந்து கிடக்கும் குகைகளை அவர்களுக்குக் காட்டினர். அவற்றுள் ஒன்றில் குதிகால் தடங்கள் மட்டும் மிகுதியாக இருந்தன. அவை ஏதோ ஒரு சடங்கு நடனத்தின் தடங்கள் என்ற விளக்கம் நெடுங்காலம் வழங்கி வந்தது. கலஹாரியிலிருந்து வந்த மூவரும் அத்தடங்களைப் பொறுமையோடு பார்த்துப் பேசி ஒரு முடிவுக்கு வந்தனர். ஓர் ஆடவரும் ஒரு சிறுவனும் களிமண் எடுத்துச் சென்ற தடங்கள் அவை என்றனர்.

இதில் ஒரு பெரிய பாடம் உள்ளது. அறிஞர் தம் எதிர்பார்ப்பைத் தடத்தின் மேல் ஏற்றினர்; தடம் பார்ப்போர் தடத்தையே பார்த்தனர். தொல்பழங்காலம் என்றாலே சடங்கும் மறைபொருளும் இருந்தாக வேண்டும் என்பது நம் போன்ற படித்தவர்களின் ஆசை. உழைக்கிறவர் கண்ணுக்கு உழைப்பு தெரிகிறது. பாட்டைப் படிக்கும்போதும் நாம் இதே தவறைச் செய்கிறோம் அல்லவா?

இந்நிகழ்ச்சிக்கு நிகரான ஒன்றைத் தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாச் சதுப்புநிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க, தமிழ்நாட்டிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர் அழைக்கப்பட்டனர். அந்நிலத்தை முன்பின் கண்டிராத அவர்கள், முதல் இரண்டு வாரங்களுக்குள்ளாகவே பத்துக்கும் மேற்பட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தனர். 2023-இல் நடுவணரசு அவ்விருவருக்கும் பத்மசிறீ விருது வழங்கிச் சிறப்பித்தது. இதற்கு முன்னோட்டம் 1978-லேயே இருந்தது. பாம்புத்தோல் வாணிகம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பிழந்த இருளர்களைக் கொண்டு, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அவ்வாண்டில் அமைக்கப்பட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து, பாம்புகளை மீண்டும் காட்டில் விட்டு, அந்நஞ்சை மருந்து செய்வோருக்கு அளிப்பது அதன் பணி. பாம்புக்கடிக்கு நாம் பெறும் ஊசிமருந்தின் பின்னால் அவர்களுடைய கண்களும் கைகளும் உள்ளன.

அவ்விருளர் குலத்தாரே செஞ்சியைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழ்கின்றனர். எலி வளையைப் பார்த்து அதில் பாம்பு உண்டா என்று சொல்லும் ஆற்றல் உடையோரைச் செங்கற்சூளையிலும் மரம் வெட்டும் பணியிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டவர்களாகவே நம் மாவட்டங்கள் நெடுங்காலம் கண்டுவந்திருக்கின்றன. புளோரிடாவுக்கு வழி சொன்னவர்களின் உறவினரைச் செஞ்சி மலைக்கு வழி சொல்ல நாம் அழைக்கவில்லை. இதுவே நம் கட்டுரையின் மையக் கேள்வி.

செஞ்சியில் நாம் கேட்கும் உரை

செஞ்சிக் கோட்டையில் வழக்கமாகச் சொல்லப்படும் உரை நமக்குத் தெரிந்ததே. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகள். அவற்றை இணைக்கும் நெடுமதில். 1677-இல் சிவாசி கைப்பற்றியது. அவர் மகன் இராசாராம் இங்கு அரசிருந்தது. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்டது. 1714-இல் இளைஞனான தேசிங்கு ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மடிந்தது. 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். தேசிங்கின் குதிரையும் அவன் மனைவியின் உடன்கட்டையும் சொல்லப்படும்போது கேட்போர் கண் கலங்குவதுண்டு. நாட்டுப்புறக் கதைப்பாடல் நூற்றாண்டுகளாக வளர்த்த உணர்ச்சி அது. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் இவ்வுரையில் மலை எங்கே? எட்டு ஆண்டு முற்றுகை என்று சொல்லி வியந்துவிட்டு அடுத்த மண்டபத்துக்கு நகர்கிறோம். அத்தனை ஆண்டுகள் உள்ளே இருந்தவர் எதைக் குடித்தனர் என்று எவரேனும் கேட்டால்தான் நிலம் பேசத் தொடங்கும். பெய்த மழையைப் பாறைச்சரிவு வழிந்தோடச் செய்கிறது, பள்ளம் ஏந்துகிறது, சக்கரகுளமும் செட்டிகுளமும் தேக்குகின்றன, மண்குழாய்கள் நீரைக் கல்யாண மகால் வரை கொண்டு சென்றன. ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டிய மழையைப் பெறும் இந்நாடு பாலைவனம் அல்ல. சில மாதங்களில் கொட்டித் தீர்க்கும் அம்மழையைப் பிடித்து வைக்கத் தெரிந்தவர்க்கு வளநாடு, தெரியாதவர்க்குப் பாலை. முல்லையும் குறிஞ்சியும் பாலையாவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான உரை வேண்டுமா? அரசர்களின் வீரத்தைத் தாங்கி நின்றது, பெயர் தெரியாத குளம் வெட்டிகளின் அறிவு.

பாறைகளின் கதையும் சொல்லப்படுவதில்லை. யாரோ அடுக்கி வைத்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இவ்வுருண்டைக் கற்களை அரக்கர் எறிந்த கற்கள் என்று சொல்லிச் சிரிப்பதோடு நின்றுவிடுகிறோம். நிலத்துக்குள் ஆழத்தில் உறைந்த பாறை, மேல்மண் அரிபட்டு வெளியே வர, வெடிப்புகளின் வழியே நீர் புகுந்து மூலைகளைத் தின்னத் தின்ன, உருண்டு திரண்ட வடிவங்கள் இவை. நமீபியாவின் ஸ்பிட்ஸ்கோப்பே பாறைகளைக் காண்பதற்கென்றே கடல் கடந்து செல்வோர் உள்ளனர். அப்பாறைகளுக்கு இவை உறவு.

வடக்கே சற்றுத் தொலைவில் சிங்கவரத்தை அடுத்துத் திருநாதர்குன்று இருக்கிறது. இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்களும், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமணத் துறவிக்கான தமிழ்க் கல்வெட்டும் அங்கு உள்ளன. ஏறத்தாழ 6-ஆம் நூற்றாண்டினது என்பர். கோட்டைச் சுவர் எழுவதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்பே, இப்பாறைகளின் வறுமையைத் தம் நோன்புக்குத் துணையாகக் கொண்ட ஒருவர் இங்கு இருந்தார். போரின் நிலத்தோற்றமாக உலகு அறிந்த இவ்விடம் துறவின் நிலத்தோற்றமும் ஆகும்.

அமாவாசை இரவுதோறும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குத் திரள்வோரில் பலர் இப்பாறைகளின் நடுவேதான் பேருந்தில் செல்கின்றனர். மாசித் திங்களில் அங்கு நடைபெறும் மயானக்கொள்ளை விழாவை வேறு சமயத்தவராகிய நாமும் மதிப்போடு நோக்கலாம். ஊரார் அஞ்சி ஒதுக்கும் சுடுகாடு அன்று விழாவின் நடுவிடமாகிறது. உழவர் தம் விளைச்சலை அங்கே கொண்டுவந்து இறைக்கின்றனர். பயனற்றது என்று ஒதுக்கப்பட்ட நிலத்துக்கும் ஊரின் வாழ்வில் ஓர் இடம் உண்டு என்பதை அம்மக்கள் தம் முறையில் மறவாதிருக்கின்றனர்.

சொல்லால் அழியும் மலை

நம் வருவாய்த்துறை ஏடுகளில் வழங்கும் சொற்களைப் பாருங்கள்: தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, கல்லாங்குத்து, பாறைப் புறம்போக்கு. வரி தராத நிலம் எதுவும் வெறுநிலம் என்பது ஆங்கிலேயர் காலத்துக் கணக்கு. விடுதலைக்குப் பின்னும் அக்கணக்கு மாறவில்லை. 2000-இல் நடுவணரசு வெளியிட்ட தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர்நிலமும் பாறைநிலமும் தரிசு வகைகளாகவே இடம்பெற்றன. ஆவாரையும் காரையும் சூரையும் உசிலையும் நிற்கின்ற குன்று, ஆடு மேய்ப்பவருக்கு மேய்ச்சல், மருத்துவச்சிக்கு மருந்துப்பெட்டி, தென்னிந்தியாவின் பாறைக்குன்றுகளுக்கே உரிய மஞ்சள்தொண்டைச் சின்னானுக்கு வீடு. ஏட்டில் மட்டும் அது ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லாத இடத்தில் எதைச் செய்தால் என்ன? அதனால்தான் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் நாம் பிள்ளைப் பருவத்தில் கண்ட குன்றுகள் சில இன்று பள்ளங்களாக உள்ளன. வெடிமருந்து வருவதற்கு முன்பே ஒரு சொல் வந்து குன்றைப் பாதி உடைத்துவிடுகிறது. கோட்டை மலைகளைச் சட்டம் காக்கும். அவற்றின் அக்காள் தங்கைகளான பெயரற்ற குன்றுகளைக் காக்க எந்தப் பட்டியலும் இல்லை. அவற்றைச் சொல்லிக் காட்டும் உரை ஒன்றே அவற்றுக்குக் காவல்.

ஆகவே செஞ்சியின் வழிகாட்டி உரை எப்படி அமைய வேண்டும் என்று கேட்டால் நம் விடை இது. தேசிங்கைச் சொல்லட்டும், கூடவே குளம் வெட்டியவரையும் சொல்லட்டும். மதிலைக் காட்டும்போது மதிலுக்கு வெளியே நிற்கும் குன்றையும் கைநீட்டிக் காட்டட்டும். வறட்சியை மறைக்க வேண்டாம். மே மாத வெயிலில் மலையேறுவதன் ஆபத்தையும் மறைக்க வேண்டாம். நண்பகலில் நின்று, பாறை இடுக்கில் கேட்கும் ஓசைகளைச் சற்றுநேரம் கேட்கச் செய்யட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இருளர் இளைஞரும் ஆடு மேய்க்கும் முதியவரும் அவ்வுரையைக் கூலிக்காகக் கேட்டு நிற்போராக இராமல் உரிய ஊதியமும் மதிப்பும் பெற்று அவ்வுரையைச் சொல்வோராக இருக்கட்டும். நமீபியா இதைச் செய்து பார்த்திருக்கிறது. மலைபடுகடாம் இதை முன்பே சொல்லியிருக்கிறது.

நம் பள்ளிகளும் பங்குகளும் ஆண்டுதோறும் பிள்ளைகளைச் செஞ்சிக்கு அழைத்துச் செல்கின்றன. படம் எடுத்து, படியேறி, உணவுப் பொட்டலம் பிரித்து, மாலையில் திரும்புகிறோம். அடுத்த முறை செல்லும்போது ஆசிரியர்கள் ஒன்றைச் செய்யலாம். இந்த மலையில் ஒன்றுமில்லை என்று பிள்ளை ஒருவன் சொன்னால், அவனை அங்கேயே உட்காரவைத்து, அருகில் ஆடு மேய்க்கும் பெரியவரை அழைத்து, ஐயா, இங்கே என்னவெல்லாம் இருக்கிறது, இந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள் என்று கேட்கலாம். வழி பிரியும் இடத்தில் நிற்கிறது செஞ்சி. பின்னே வருவோருக்காகப் புல்லை எந்தப் பக்கம் முடியப் போகிறோம் என்பதை இத்தலைமுறை தீர்மானிக்க வேண்டும்.